ஓட்டைப் பார்த்து ஒளியைத் தேர்ந்தவர்கள்

சிட்னி ஆப்பரா ஹவுஸின் கூரை தூரத்திலிருந்து ஒரே வெள்ளையாகத் தெரியும். கிட்டே போனால்தான் அதில் இரண்டு வகை ஓடுகள் இருப்பது புரிகிறது. ஒன்று பளபளக்கும் வெள்ளை, இன்னொன்று பளபளப்பில்லாத பாலேட்டு நிறம். ஸ்வீடனில் சுட்டெடுத்த இந்த ஓடுகள் பத்து லட்சத்துக்கும் மேல். 2009-இல் சிட்னியின் விவிட் ஒளி விழா தொடங்கியபோது இசைக் கலைஞர் பிரையன் ஈனோவின் ஒளி ஓவியங்கள் விழுந்தது இவற்றின்மேல்தான்.

விழாக் கூட்டம் முழுக்கக் கூரையையே பார்த்து நிற்கும். நான் பார்க்க விரும்பியது எதிர்க்கரையை. கப்பல் பயணிகள் முனையத்தில் புரொஜெக்டர்களை நிறுத்தி, தண்ணீரைத் தாண்டி ஒளியை அனுப்புகிறார்கள்.

எந்த புரொஜெக்டர் நல்லது என்று அங்கிருந்த மூத்த தொழில்நுட்பரிடம் கேட்டேன். அவர் கருவியின் பெயரையே எடுக்கவில்லை. தாளில் இரண்டு எண்களை எழுதினார். தூரம் 400 மீட்டர், படத்தின் அகலம் 50 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், தூரத்தை அகலத்தால் வகுக்க 8 வரும். அந்த விகிதத்துக்கு லென்ஸ் கிடைக்காத கருவி எவ்வளவு பிரகாசமானதாக இருந்தாலும் பட்டியலிலிருந்து போய்விடும். கருவி தரும் ஒளியின் அளவைச் சொல்லும் லூமென் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தக் கணக்கும் எளிதுதான். 20,000 லூமென் ஒளியை 20 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரத்தில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 100 லூமென், அதாவது 100 லக்ஸ். அகலத்தையும் உயரத்தையும் இரட்டித்தால் 25 லக்ஸ்தான் மிஞ்சும். கருவி வாங்க வருபவர்கள் பலர் பாதியாகும் என்று நினைத்து வருகிறார்களாம்.

ஓட்டின் குணம் வேறு இருக்கிறது. பளபளப்பான பரப்பு ஒளியின் ஒரு பங்கை ஒரே திசையில் திருப்பிவிடும். அங்கே பார்வையாளர் இல்லையென்றால் அந்தப் பங்கு வீண். பளபளப்பில்லாத ஓடு எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். கறுப்பையோ எந்தக் கருவியாலும் வீச முடியாது. நகரத்தின் விளக்கொளி கூரையில் விழும் அளவுக்குப் படத்தின் கறுப்பு சாம்பலாகும். அதனால் வாங்குவதற்கு முன் லக்ஸ் மீட்டரோடு இரவில் இடத்தைப் போய்ப் பார்ப்பதுதான் முதல் வேலை என்பது என் உறுதியான எண்ணம்.

விளக்குக் கருவிகளைவிட லேசர் கருவிகளை இங்குள்ள தொழில்நுட்பர்கள் விரும்புகிறார்கள். விளக்கு மாற்றும் வேலையில்லை, எந்தக் கோணத்திலும் சாய்க்கலாம். ஒரே பெரிய கருவியைவிட, ஒரே படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வீசும் இரண்டு சிறியவை மேல் என்றார்கள். ஒன்று நின்றால் வெளிச்சம் பாதியாகும், படம் நிற்காது.

ஆனால் இரண்டையும் புள்ளிக்குப் புள்ளி பொருத்த வேண்டும். இருட்டிய பிறகே முடிகிற வேலை அது. கூரையில் கட்டக்கோடுகளை வீசி, ஒருவர் அக்கரையிலிருந்து வாக்கிடாக்கியில் சொல்லச் சொல்ல, இன்னொருவர் மூலைகளை நகர்த்திக்கொண்டே இருக்கிறார். கடற்காற்றில் விரல் விறைக்கிறது. கருவியின் விலைப்பட்டியலில் இந்த இரவுகளுக்கு ஒரு வரி கிடையாது. திட்டம் போடுகிறவர்கள் லென்ஸுக்கு ஒதுக்கும் அதே கவனத்தோடு இந்தக் கூலிக்கும் தொகை ஒதுக்க வேண்டும்.