அத்தாவின் ஜீப்



ஒரு பழைய வண்டியை விற்றதெல்லாம் எழுதக்கூடிய செய்தியா என்று நீங்கள் கேட்கலாம். கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

எங்கள் ஊர் பண்ணைப்புரம். இளையராஜா பிறந்த ஊர் என்றால் வெளியூராருக்கு உடனே விளங்கும். மேற்கே நிமிர்ந்தால் மலை. அதற்கப்பால் கேரளத்து ஏலத்தோட்டங்கள். விடியுமுன் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு ஏறும் ஜீப்புகளால்தான் இப்பக்கத்தில் பல வீடுகளில் உலை கொதிக்கிறது. எங்கள் அத்தாவும் 1987 இல் பழைய ஜீப் ஒன்றை வாங்கினார்கள். பிரசவ வேதனையில் துடித்த எத்தனையோ தாய்மாரை, சாதி மதம் பாராமல், நள்ளிரவில் உத்தமபாளையத்துக்கு ஏற்றிச் சென்ற வண்டி அது.

அந்த ஜீப்பின் பூர்வீகம் அமெரிக்கா. 1941 முதல் உலகப் போருக்காக வில்லிஸ் நிறுவனம் செய்த திறந்த வண்டியின் வழித்தோன்றல். உயரமான புதிய இஞ்சினுக்கு இடம் வேண்டி மூடியை உயர்த்தியதால் வந்தது அதன் தூக்கிய மூக்கு. நம் நாட்டில் அதைச் செய்த நிறுவனம் 1945 இல் தொடங்கியபோது அதன் பெயர் 'மஹிந்திரா அண்டு முஹம்மது'. கூட்டாளியான மாலிக் குலாம் முஹம்மது பிரிவினைக்குப்பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகிவிட, 1948 இல் பெயர் இன்றைய 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' ஆயிற்று. அத்தா இதைச் சொல்லாத விருந்தாளி கிடையாது!

அத்தா வஃபாத்தான பின் ஜீப் ஓராண்டு கொட்டகையில் நின்றது. அது என் வண்டி என்றே நினைத்திருந்தேன். ஆனால் அதுவும் வாரிசுச் சொத்துதானே? கடன்கள் தீர்ந்த பின் 32 பங்கு என்று கணக்கிட்டால், எட்டில் ஒன்றான 4 அம்மாவுக்கு, மீதி 28 இல் இரு சகோதரிகளுக்கும் தலைக்கு 7, எனக்கு 14. பங்கைப் பணமாகக் கொடுத்து நானே வைத்துக்கொள்ள என்னிடம் வசதியில்லை. மற்றவர்கள் சம்மதத்துடன் படிவம் 31 எழுதிக்கொடுத்து ஆர்.சி. புத்தகத்தை என் பெயருக்கு மாற்றினேன்.

சூரியநெல்லியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்ல வண்டி வேண்டுமாம். ஓட்டிப் பார்த்து 1,60,000 ரூபாய் என்றார். மறுநாள் பணத்துடன் வருவதாகச் சொல்லிப் போனார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், அளவுக்கு மீறி ஆளேற்றி மெட்டு இறங்கியபோது, பின்பட்டை பொருத்தும் இடத்தருகே சேசிஸ் விரிந்துவிட்டது. பற்றவைத்துத் தகடு போட்டு மேலே கறுப்புச் சாயம் பூசினோம். அது அத்தாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். கொழுக்குமலைப் பாதையோ பாறைமேல் பாறை.

"கேட்டால் சொல்; கேட்காததைச் சொல்லி உன் சகோதரிகள் பங்கைக் குறைக்காதே" என்றார் உறவினர் ஒருவர். அதிலும் நியாயம் இருப்பதாகத் தோன்றியதுதான் என் சங்கடம். தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டு ஈரத்தைக் கண்டதையும், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்டதையும் சிறுவயதில் மதரஸாவில் கேட்டவன் நான். நனைந்த தானியத்துக்கே அப்படி என்றால், உயிர்களைச் சுமக்கும் வண்டிக்கு?

காலையில் இரு சகோதரிகளுக்கும் பேசினேன். அக்கா உடனே, "சொல்லிவிடு" என்றார்கள். தங்கை சற்று நேரம் பேசவில்லை. அவள் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம். பின், "சொல்லுங்கள் அண்ணே. என்னைக் கேட்காமல் சொல்லியிருந்தால்தான் வருத்தப்பட்டிருப்பேன்" என்றாள்.

இளைஞரை வண்டிக்கு அடியில் படுக்கவைத்துத் தகட்டைக் காட்டினேன். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். "அந்த நீளத்தையே வெட்டி மாற்ற வேண்டும் பாய்" என்று 1,28,000 சொன்னார். ஒப்புக்கொண்டேன். அம்மாவுக்கு 16,000, சகோதரிகளுக்குத் தலைக்கு 28,000. தங்கைக்கு 7,000 குறைந்தது. அதை என் பங்கிலிருந்து கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டாள்.

ஜீப் கோம்பை சாலையில் மறையும்வரை அம்மா வாசலில் நின்றார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "மழையில் அதன் வைப்பர் நின்று நின்று ஓடுமே, அதைச் சொன்னாயா?" என்றார்கள்.

சொல்லவில்லை. தொலைபேசியை எடுத்தேன்.