எதிர்வீட்டு வெள்ளை வண்டி

தில்லியில் நான் குடியிருக்கும் தெருவில் வண்டிகளை நிறுத்த இடம் போதாது. அந்த நெருக்கடியிலும் எங்கள் எதிர்வீட்டுக்காரரின் வெள்ளை நிற மாருதி ஈக்கோவை எவரும் எளிதில் அடையாளம் காட்டிவிடுவர். அதன் கூரைமேல் இரும்புத் தாங்கி ஒன்று உண்டு. திங்கள் முதல் சனி வரை அதில் ஓர் அலுமினிய ஏணி கட்டப்பட்டிருக்கும். ஞாயிறன்று ஏணி இருக்காது. வண்டிக்குள் பாட்டி இருப்பார்.

எதிர்வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சிப் பக்கத்தவர். கடைகள், காட்சியகங்கள், வீடுகள் ஆகியவற்றின் சன்னல் கண்ணாடிகளைத் துடைத்துத் தருவது அவர் தொழில். வானளாவிய கட்டடங்களில் கயிற்றில் தொங்கித் துடைப்போர் வேறு. இவர் ஏணி எட்டும் உயரத்தோடு நிறுத்திக்கொள்பவர். சன்னல் என்னும் சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து நமக்கு வந்தது. அதற்கு முன்பே நம்மிடம் 'காலதர்' என்ற சொல் இருந்தது. சிலப்பதிகாரத்தில் அதைக் காணலாம். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று நுழையவே முடியாத இக்காலக் கண்ணாடிச் சுவர்களுக்கு அப்பெயர் பொருந்துமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

வண்டி வாங்குவதற்கு முன் அவரிடம் ஒரு பழைய ஸ்கூட்டர் இருந்தது. வாளியும் துணிகளும் அதில் போய்விடும், ஏணி போகாது. யாராவது ஒரு கடைக்காரரின் படிக்கட்டுக்கு அடியில் அதைப் போட்டுவிட்டு வருவார். மறுநாள் வேலை வேறு திசையில் இருந்தால் முதலில் ஏணியைத் தேடிப் போக வேண்டும். குடும்பமோ ஐந்து பேர்: கணவர், மனைவி, மகள், மகன், கணவரின் தாயார். ஐவரும் சேர்ந்து ஓரிடத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆட்டோ பிடிக்க வேண்டும்.

மாருதி நிறுவனத்தின் வேன் முதன்முதலில் 1984-இல் வந்தது. பின்னர் அதற்கு ஆம்னி என்று பெயரிட்டனர். 2019-இல் ஆம்னி தயாரிப்பு நின்றது. அதற்கு முன்பே, 2010-இல், ஈக்கோ வந்துவிட்டது. வாரநாளில் சரக்கையும் விடுமுறையில் பிள்ளைகளையும் ஏற்றிச் செல்லும் இத்தகைய வேன்களை இந்தியா முழுவதும் காணலாம். எதிர்வீட்டுக்காரர் பழைய ஈக்கோ ஒன்றை விலைபேசினார். அப்போது அவர் வீட்டில் நடந்த விவாதம் எங்கள் வீடுவரை கேட்டது. ஏழு இருக்கை வண்டியே வேண்டும், ஊரிலிருந்து உறவினர் வந்தால் உதவும் என்றார் மனைவி. ஏழு பேர் அமர்ந்தால் வாளி எங்கே அமரும் என்றார் கணவர். ஐந்து இருக்கை வண்டி முடிவாயிற்று. எரிவாயுவில் ஓட்டினால் செலவு குறையும் என்று நண்பர்கள் சொன்னார்கள். பின்புறத்தில் உருளையைப் பொருத்திவிட்டால் தண்ணீர் கேன்களுக்கு இடமில்லை என்பதால் அதையும் அவர் விட்டுவிட்டார்.

கண்ணாடி துடைக்கத் தண்ணீர் எங்கும் கிடைக்குமே என்று நீங்கள் எண்ணலாம். நானும் கேட்டேன். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது. காய்ந்ததும் கண்ணாடியில் வெண்புள்ளிகள் நின்றுவிடும் என்றார். ஆகவே வடிகட்டிய நீரை 20 லிட்டர் கேன்கள் மூன்றில் எடுத்துச் செல்கிறார். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. ஆக 60 கிலோ, ஓர் ஆளின் எடை. திடீரென்று வண்டியை நிறுத்த நேர்ந்தால் அவ்வளவு எடையும் முன்னே பாயும். அதனால் கேன்களை நாடாவால் இறுக்கிக் கட்டுவார். வெயில் ஏறிவிட்டால் சோப்பு நீர் துடைப்பதற்கு முன்பே காய்ந்து கோடு விழும். எனவே கோடையில் ஐந்து மணிக்கே அந்த வண்டி புறப்பட்டுவிடும். தெருவில் பலருக்கு அதன் ஓசைதான் அலாரம்.

சனிக்கிழமை இரவு வண்டி வீடாக மாறும். ஏணியின் ஒரு முனையைத் தந்தையும் மறுமுனையை மூன்றாம் வகுப்பு மகனும் பிடித்து இறக்குவார்கள். ஈரத்துணிகள் மொட்டைமாடிக்குப் போகும். கதவுகளை இரவு முழுதும் சிறிது திறந்து வைத்து நாற்றத்தைப் போக்க முடியாது. தில்லியில் அது நடக்காது. ஆகையால் மனைவி இருக்கைகளைத் துடைத்து, ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைத் தோலை உள்ளே வைப்பார். காலையில் பக்கவாட்டில் நகரும் கதவைத் தள்ளிப் பாட்டியை ஏற்றுவார்கள். குறுகிய தெருவில் வெளிப்புறம் விரியும் கதவைவிட இக்கதவே நல்லது. பெரும்பாலும் இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போவார்கள். ஒருமுறை யமுனை விரைவுச்சாலை வழியாக ஆக்ராவுக்கும் போய் வந்தார்கள்.

அறைகலன் கடைக்காரர் ஒருவர், தம் நாற்காலிகளை ஏற்றிச் சென்றால் வாடகை தருவதாக அவரிடம் கூறினார். எதிர்வீட்டுக்காரர் மறுத்துவிட்டார். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து உள்ள வண்டி சொந்தப் பயன்பாட்டுக்கு உரியது. வாடகைக்கு ஓடுவது மஞ்சள் பலகை வண்டி. தம் ஏணியையும் வாளியையும் எடுத்துச் செல்வது வேறு, பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றுவது வேறு என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

ஒரு வண்டியால் வரும் உண்மையான சிக்கல் இடத்தில் இல்லை, நாளில் இருக்கிறது. தீபாவளிக்கு முன் வட இந்தியாவில் வீடு, கடை எல்லாவற்றையும் கழுவித் துடைப்பது வழக்கம். அவருக்கு அவைதாம் ஆண்டின் பெரிய வருவாய் நாள்கள். பிள்ளைகளுக்குத் தசரா விடுமுறையும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் வரும். ஆகவே எட்டாம் வகுப்பில் படிக்கும் மகள் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறாள். வண்டி எந்த நாளில் யாருக்கு என்பதை அதில் தமிழில் எழுதுவாள். என்னிடம் தமிழ் பயில்பவள் ஆதலால் பிழை திருத்த அவ்வப்போது காட்டுவாள். வேலைக்கு நீல மை, வீட்டுக்குச் சிவப்பு மை.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கையில் ஒரே தேதியில் இரண்டு மைகளும் இருந்தன. நீலத்தில் 'கார் காட்சியகம்' என்றும், சிவப்பில் 'பாட்டி கண்' என்றும் எழுதியிருந்தாள். பாட்டிக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை. காட்சியகமோ அவருடைய வாடிக்கையாளர்களில் மிகப் பெரியது. ஆட்டோவில் போய் வரலாம் என்று பாட்டியே சொன்னார். அறுவைக்குப் பின் கண்ணில் தூசு படக்கூடாது என்று மருத்துவர் கூறியிருந்தார். அக்டோபர் மாதத் தில்லிக் காற்றில் திறந்த ஆட்டோ எப்படி இருக்கும் என்பது இங்கு வாழும் உங்களுக்குத் தெரியும்.

எதிர்வீட்டுக்காரர் காட்சியகத்தாரிடம் இரண்டு நாள் தவணை கேட்டார். அவர்கள் தரவில்லை, வேறொருவரை அழைத்துக்கொண்டார்கள். அதன்பின் அந்த வேலை இவரிடம் திரும்பவே இல்லை.

"வருத்தமாக இருக்கிறதா, தம்பி?" என்று கேட்டேன்.

"வருத்தம் இல்லாமல் இருக்குமா, டீச்சர்? பள்ளிக் கட்டணம் முழுவதும் அந்தக் காசில்தான் கட்டிவந்தேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனால் அம்மாவை ஆட்டோவில் அனுப்பிவிட்டு அந்தக் கண்ணாடியை என்னால் துடைத்திருக்க முடியாது" என்றார்.

இழந்த வருவாயை ஈடுசெய்யக் குளிர்காலம் முழுவதும் சிறு வீடுகளில் கூடுதலாக வேலை செய்தார். மூடுபனி இருந்த நாள்களில் அதுவும் தாமதமாயிற்று. ஆக்ராவுக்கு மறுபடியும் போகும் திட்டம் கைவிடப்பட்டது. மகன் இன்னும் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

சென்ற வாரம் அந்தப் பெண் மீண்டும் குறிப்பேட்டைக் கொண்டுவந்தாள். 'பரிசோதனை' என்பதில் ஓர் எழுத்தை மட்டும் திருத்தினேன். மற்றவை சரியாக இருந்தன: 'சனி மாலை வரை ரோகிணி, மூன்று வீடுகள். இரவு ஏணி இறக்க வேண்டும். திங்கள் காலை பாட்டிக்குக் கண் பரிசோதனை. அப்பா பத்து மணிக்கு மேல் வேலைக்குப் போவார்.'