மன்னார் பெருக்கமரமும் உங்கள் டிஜிட்டல் போனும்... என்ன சம்பந்தம்?

இலங்கையின் மன்னார் நகரை ஒட்டியிருக்கிறது பள்ளிமுனை. இங்கே உள்ள பெருக்கமரத்தைப் பார்க்கவே பலர் வருகிறார்கள். உயரத்தில் தென்னையிடம் தோற்றுவிடும். ஆனால் அடிமரத்தின் சுற்றளவு 19 மீட்டருக்கும் மேல்! பத்துப் பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது.

இதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. பல நூற்றாண்டுகளுக்கு முன் அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்கிறார்கள். தமிழில் ஆனைப்புளி, பப்பரப்புளி என்றும் பெயர்கள் உண்டு. காய்க்குள் இருக்கும் வெள்ளைச் சதை புளிக்கும் என்பதால், இந்தப் பெயர்களில் ‘புளி’ ஒட்டிக்கொண்டிருப்பது பொருத்தம்தான்.

அறிவியல் பெயர், அடன்சோனியா டிஜிடேட்டா. லத்தீனில் ‘டிஜிடஸ்’ என்றால் விரல். ‘டிஜிடேட்டா’ என்றால் விரல்கள் கொண்டது. இலையைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். ஒரே காம்பில் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள், விரித்த கை போல நிற்கும். விரல்விட்டு எண்ணும் பழக்கத்தால், இதே சொல் ஆங்கிலத்தில் எண்ணையும் குறித்தது. அதிலிருந்து வந்ததுதான் இன்றைய ‘டிஜிட்டல்’!

சரி, ‘அடன்சோனியா’? அது மனிதரின் பெயர். 1749-ல் செனகல் போன பிரெஞ்சு இளைஞர் மிஷேல் அடன்சன், இந்த மரத்தை நேரில் ஆராய்ந்து விரிவாக எழுதினார். அவரைக் கௌரவிக்கும் விதமாக, ஸ்வீடனின் லின்னேயஸ் 1759-ல் இந்தப் பெயரைச் சூட்டினார். பெயரின் முடிவில் ‘இயா’ சேர்த்தது லத்தீன் பாணி.

சுவாரஸ்யம் என்னவென்றால், அடன்சன் தன் பெயரைப் பயன்படுத்தவில்லை! ஏற்கெனவே வழக்கில் இருந்த ‘பாவோபாப்’ என்ற பெயரையே 1763-ல் வெளியான தன் நூலில் எழுதினார். ஊர்ப் பெயர்களை மதித்தவர் அவர். ஆனால் தாவரவியல் விதிப்படி, முதலில் முறையாகச் சூட்டிய பெயருக்கே முன்னுரிமை. நான்கு ஆண்டு வித்தியாசத்தில் லின்னேயஸ் வென்றார்.

அறிவியல் பெயர் ஒன்றுதான் இருக்க முடியும். அப்போதுதான் செனகலில் எழுதியது மன்னாரில் புரியும். ஆனால் ஊர்ப் பெயர்களை எந்த விதியும் காப்பாற்றாது. வாயில் புழங்கினால்தான் அவை வாழும்.

மன்னார் போனால், மழைக்காலத்துக்குப் பின் போங்கள். வறட்சியில் மரம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். விரல்களைப் பார்க்க முடியாது. வழி கேட்கும்போது ‘பாவோபாப்’ வேண்டாம், ‘பெருக்கமரம் எங்கே?’ என்றே கேளுங்கள்!