மூன்றாம் ஆண்டு

தமிழ் கற்பிக்கிறவனுக்குக் கூடைப்பந்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஆட்டத்தைவிட டோனி பென்னட் என்ற பயிற்சியாளரே என்னை ஈர்த்தவர்.

2018 மார்ச்சில் அவருடைய வர்ஜீனியா பல்கலைக்கழக அணி 54-74 என்று தோற்றது. அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் போட்டியில் பதினாறாம் நிலை அணியிடம் முதல் நிலை அணி வீழ்ந்தது அதுவே முதன்முறை. அந்த அவமானத்தில் களத்தில் நின்ற கைல் கை, டை ஜெரோம் இருவரும் கல்லூரியை விட்டுப் போகவில்லை. 2019இல் அவர்களைக் கொண்டே பென்னட் கோப்பையை வென்றார்.

பின்னர் விதிகள் மாறின. 2021இல் ஒருமுறையும், 2024இல் எத்தனை முறையும் காத்திருப்பின்றி அணி மாறலாம் என்றாயிற்று. 2021 ஜூலை முதல் வீரர்கள் தம் பெயரால் பொருளீட்டவும் முடிந்தது. நியாயமான உரிமைகளே. பயிற்சியாளர் கோடிகளில் ஊதியம் பெறுகையில் ஆடுகிறவன் வெறுங்கையோடு நிற்பது அறமன்று. ஆனால் ஒருவனுடைய பழகாத இடக்கையைத் திருத்த மூன்றாண்டு செலவிடுவதைவிட, வேறிடத்தில் தேறியவனை அழைத்துக்கொள்வது எளிதாகிவிட்டது. 2024 அக்டோபரில், ஆட்டப்பருவத்துக்குச் சில வாரங்களே இருக்கையில், இச்சூழலுக்குத் தாம் ஏற்றவரல்லர் என்று பென்னட் விலகினார்.

அன்று என் வகுப்பறையை நினைத்துக்கொண்டேன். முதலாண்டு யாப்பு வகுப்பில் அசை பிரிக்கத் தெரியாமல் தலைகுனிந்து நின்ற மாணவன் ஒருவன், மூன்றாம் ஆண்டில் நான் தவறாகச் சொன்ன தளையைத் தயங்கித் தயங்கித் திருத்தினான். தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்திருந்தால் அவனை நான் எடுத்திருக்கமாட்டேன். அவ்வுரிமை எனக்கு இல்லாமற்போனது என் நல்லூழ்.