செராம்பூரில் ஒரு மூடிய அறை



கொல்கத்தாவில் குடியிருக்கும் நம் குடும்பங்களும், அவ்வழியாய்ப் பயணம் செய்கிறவர்களும் ஒரு பகலை ஒதுக்கிப் பார்க்கவேண்டிய ஊர் செராம்பூர். ஹவுரா நிலையத்தில் பண்டேல் லோக்கலில் ஏறினால் சுமார் 20 கிலோமீட்டர். இறங்கி ஹூக்ளி நதியை நோக்கி நடந்தால், உயர்ந்த தூண்களோடு நிற்கும் செராம்பூர் கல்லூரியைக் காணலாம். வில்லியம் கேரியும், மார்ஷ்மேனும், வார்டும் 1818-ல் நிறுவியது. அக்கரையில் பாரக்பூர் தெரியும்.

இவ்வூரோடு தமிழருக்கு ஓர் உறவும் உண்டு. சீகன்பால்கு 1706-ல் வந்திறங்கிய தரங்கம்பாடியைப் போலவே இதுவும் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி மிஷனரிகளுக்கு இடங்கொடாத நாட்களில், 1800-ல், கேரி இங்கே அடைக்கலம் புகுந்தார். 1845-ல் இரண்டு ஊர்களும் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டன.

பிரசங்கிக்க எளிதான பாடு

செராம்பூர் என்றவுடன் நாம் கேட்டுப் பழகிய சாட்சி, தீயின் சாட்சி. 1812 மார்ச் 11 அன்று மாலை மிஷன் அச்சகம் தீப்பற்றியது. பல கீழ்த்திசை மொழிகளின் அச்செழுத்துகள் உருகின. கேரி பல ஆண்டுகள் உழைத்த கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. ஆனால் அச்சு இயந்திரங்கள் தப்பின. எழுத்துகளை வார்க்கும் அச்சுகள் இடிபாடுகளுக்குள் கிடைத்தன. செய்தி இங்கிலாந்தை எட்டியபோது சபைகள் நஷ்டத்தை ஈடுசெய்யுமளவு பணம் அனுப்பின. இழப்பு நன்மையாய் முடிந்ததை எல்லாரும் கண்டார்கள். இத்தகைய பாட்டைப் பற்றிப் பிரசங்கிப்பது எளிது.

அதே ஊரில், அதே ஊழியக்காரனுடைய வீட்டில், நன்மையாய் முடிந்ததாகக் காணப்படாத ஒரு பாடும் உண்டு. அதை நாம் மேடைகளில் அதிகம் சொல்லுவதில்லை.

டொரத்தி அம்மையார்

கேரியின் மனைவி டொரத்தி எழுதப் படிக்க அறியாதவர். தம் திருமணப் பதிவேட்டில் சிலுவைக் குறியிட்டவர். இந்தியாவுக்கு வர முதலில் மறுத்தார். பின்பு தம் சகோதரி துணைவருவதால் இணங்கி, 1793-ல் கைக்குழந்தையோடும் மூன்று பிள்ளைகளோடும் கப்பலேறினார். மறு ஆண்டே வடவங்காளத்திலுள்ள முத்னாபாத்தியில், ஐந்து வயது மகன் பீட்டர் நோயினால் மரித்தான். அதன்பின் அவருடைய மனம் கலங்கியது. கணவர் தமக்குத் துரோகம் செய்கிறார் என்னும் பொய்யான எண்ணம் அவரை ஆட்கொண்டது. 1807 டிசம்பர் 8-ல் அவர் மரிக்கும்வரை, ஏறக்குறைய 12 ஆண்டுகள், அந்நோய் நீங்கவில்லை. அவர் அடைபட்டிருந்த அறைக்கு வெகு அருகில் அமர்ந்துதான் கேரி வேதத்தை வங்கமொழியில் பெயர்த்தார்.

1800 டிசம்பர் 28 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று ஹூக்ளி நதியில் கிருஷ்ண பால் என்னும் தச்சர் ஞானஸ்நானம் பெற்றார். அம்மிஷன் கண்ட முதல் வங்காள விசுவாசி அவர். தோள்மூட்டு விலகியதால் மருத்துவர் தாமஸிடம் உதவி பெற்று, அதன்மூலம் சுவிசேஷத்தை முழுமையாய்க் கேட்டவர். அவரோடு அன்றே முழுகியவன் கேரியின் மூத்த மகன் பெலிக்ஸ். ஆனால் அவனைப் பெற்ற தாய் கரையில் இல்லை. சித்தங்கலங்கி அறைக்குள் இருந்தார். தோளைச் சீர்ப்படுத்திய தாமஸும் மகிழ்ச்சியின் மிகுதியால் மனநிலை பிறழ்ந்து வேறோர் இடத்தில் அடைக்கப்பட்டிருந்தார்.

பிரியமானவர்களே, ஒருவருடைய தோள் சீரானது. அது இரட்சிப்பின் வாசலாயிற்று. இன்னொருவருடைய மனம் சாகும்வரை சீராகவில்லை. ஒரே வளாகம், ஒரே ஜெபவீரர்கள், ஒரே தேவன். ஏன்?

வேதம் சொல்வதும் சொல்லாததும்

உலகத்தில் பாடு ஏன் வந்தது என்பதற்கு வேதம் பதில் தருகிறது. மனிதனுடைய கீழ்ப்படியாமையால் பூமி சபிக்கப்பட்டது (ஆதி. 3), சர்வ சிருஷ்டியும் மீட்புக்காகத் தவிக்கிறது, ஆவியின் முதற்பலன்களைப் பெற்ற நாமும் தவிக்கிறோம் (ரோமர் 8:22, 23). ஆவியானவரைப் பெற்றவர்களுக்குத் தவிப்பே இராது என்று பவுல் எழுதவில்லை.

ஆனால் இந்த மனிதனுக்கு இந்தப் பாடு ஏன் என்று கேட்டால், வேதம் பெரும்பாலும் மௌனமாயிருக்கிறது. யோபுவுக்குக் கர்த்தர் தம்மையே வெளிப்படுத்தினார். பரலோகத்தில் நடந்த உரையாடலை அவனுக்குச் சொல்லவில்லை. பிறவிக்குருடனைக் கண்ட சீஷர்கள் யார் செய்த பாவம் என்று கேட்டபோது, அவனையும் அவன் பெற்றோரையும் குற்றப்படுத்த ஆண்டவர் மறுத்தார் (யோவான் 9:1-3). சீலோவாமின் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகளல்ல என்றார் (லூக்கா 13:4, 5).

இது நம் சபைகளுக்கு அவசரமான செய்தி. ஒரு சகோதரிக்கு மனநோய் வந்தால், மறைந்த பாவம் என்றும், முன்னோர் சாபம் என்றும், விசுவாசக் குறைவு என்றும் மெல்லிய குரலில் தீர்ப்புச் சொல்லுகிறோம். சொந்த ஊரையும் உறவையும் விட்டு, ஒற்றை அறையில் வாழும் ஒரு குடும்பத்திற்குச் சபையே உறவு. அத்தீர்ப்பைக் கேட்டபின் அவர்கள் எங்கே போவார்கள்? நோயைச் சுமக்கிறவர்கள்மேல் குற்றத்தையும் சுமத்த நமக்கு அதிகாரம் இல்லை. ஜெபியுங்கள், சுகத்திற்காக விசுவாசத்தோடு ஜெபியுங்கள். மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். மருந்து உண்பது அவிசுவாசமல்ல. ஒரு வேளை உணவு சமைத்துக் கொண்டுபோங்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

சிலுவையில் தொங்கிய நம் ஆண்டவரும் ‘ஏன்’ என்று கேட்டார் (மத்தேயு 27:46). வானத்திலிருந்து அப்பொழுது எந்தச் சத்தமும் வரவில்லை. மூன்றாம் நாளில் கல்லறை திறந்தது. டொரத்தி அம்மையாரின் அறையும் அந்த உயிர்த்தெழுதலின் காலையில் திறக்கும் என்பதே நம் நம்பிக்கை. அதுவரை அந்தக் கதவருகே கூட அமர்ந்திருக்கக் கர்த்தர் நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.