மாலுமியின் காசு

ஊதாரித்தனத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் மரபுத்தொடர்கள் பல உண்டு. காசு சட்டைப்பையை எரித்து ஓட்டை போடுகிறது என்பார்கள். நம்மைப் போலவே, பணத்தைத் தண்ணீராய்ச் செலவழிக்கிறான் என்றும் சொல்வார்கள். இவற்றுள் என்னை இன்றும் உறுத்துவது ஒன்றுதான்: 'குடித்த மாலுமியைப் போலச் செலவழிக்கிறான்.'

என் சித்தப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. அந்த இரண்டு மாதமும் வீட்டில் அடுப்பு அணையாது, கேட்டவர்க்கெல்லாம் கைமாற்று. கிளம்பும்போது கையில் ஒன்றும் மிஞ்சாது. கல்லூரியில் புதிதாகக் கற்ற அத்தொடரை ஒருநாள் அவர் முகத்துக்கு நேரே சொல்லிப் பொருளும் விளக்கினேன். குடிப்பழக்கமே இல்லாத அவர் சிரித்தார். "நடுக்கடல்ல காசுக்கு என்னடா வேலை? கரைக்கு வந்தாத்தான் அது காசு" என்றார்.

பின்னாளில்தான் படித்தேன். 17, 18ஆம் நூற்றாண்டுகளின் பிரிட்டிஷ் கடற்படையில் மாலுமியின் சம்பளம் மாதந்தோறும் கைக்கு வராது. கப்பலின் பணி முடிந்த பிறகே மொத்தமாகக் கணக்குத் தீர்ப்பார்கள். ஆண்டுக்கணக்கில் நிலுவை தேங்குவதும் உண்டு. காசுக்குப் பதிலாகச் சீட்டைப் பெற்று, அவசரத்துக்கு அதைக் குறைந்த விலைக்குத் தரகரிடம் விற்றவர்களும் இருந்தனர். மரபுத்தொடரோ, அவன் கரையில் கழித்த ஓர் இரவை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது.

நான் அப்படிச் சொன்ன ஆண்டு என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியவர் சித்தப்பாதான். அவர் மறுபடி கப்பலேறிய பிறகுதான் அம்மா அதைச் சொன்னாள்.