நாலு ரூபா மாங்காயும் ஒம்பது கூலியும்

போன ஆனி மாசம் எங்க வீட்டுக்கு வந்த யாரும் வெறுங்கையோட திரும்பிப் போகலை. கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவருக்கு ஒரு பை மாம்பழம். போஸ்ட்மேனுக்கு ஒரு பை. பத்திரிகை வைக்க வந்த தூரத்துச் சொந்தத்துக்கு ஒரு மூட்டை. பால் சொசைட்டிக்குப் பையோட போனப்ப, அங்க இருந்த பையன் என்னைப் பாத்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணா, மாம்பழம் மட்டும் வேணாம்ணா. எங்க வீட்லயும் அதேதான் கெடக்குது."

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனா அந்த மாசம் நான் சிரிச்ச நாளுங்க ரொம்பக் கம்மி.

எங்களுக்குக் கிருஷ்ணகிரி பக்கம். ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேல, 45 மாமரம். தர்மபுரி மாவட்டத்துல இருந்து கிருஷ்ணகிரி தனியாப் பிரியறதுக்கு ரொம்ப முன்னாடி, 1988-ல எங்கப்பா வெச்சது. வரப்போரம் ரெண்டு நாட்டு மரம் தவிர மத்ததெல்லாம் பெங்களூரா. நீங்க கிளிமூக்கு மாங்காய்னு சொல்வீங்களே, பள்ளிக்கூட வாசல்ல கீத்து போட்டு மொளகாத்தூள் தடவி விப்பாங்களே, அதேதான். ஆனா இங்க வெளையறதுல பெரும்பங்கு அந்த வாசலுக்குப் போறதில்ல. மாங்கூழ் ஆலைக்குத்தான் போகும். காய் நல்லாத் தாங்கும், சதை நெறைய இருக்கும், அதனால ஆலைக்காரங்களுக்குப் புடிக்கும். அவங்க வாங்கறாங்கன்னு நாங்க எல்லாரும் அதையே வெச்சோம். அதுலதான் வெனை. அவங்க வேணாம்னுட்டா, அத்தனை காயையும் கொண்டுபோய்க் குடுக்க வேற எடம் கெடையாது. மல்கோவா மாதிரி ஆசைப்பட்டு வாங்கித் திங்கிற பழமும் இல்ல இது.

போன வருஷம் காப்பு நல்ல காப்பு. மொத்தம் நாலு டன் தேறும்னு கணக்குப் போட்டேன். மொத வண்டி டன் ஆறாயிரத்துக்குப் போச்சு. ரெண்டாவது வண்டிக்கு நாலாயிரம்னாங்க. அதாவது கிலோ நாலு ரூபா. பறிப்புக் கூலி, சுமைக் கூலி, டெம்போ வாடகை எல்லாம் சேத்து டன்னுக்கு ரெண்டாயிரத்து எண்ணூறு ஆச்சு. பூ நேரத்துல அடிச்ச மருந்துச் செலவை நான் இன்னும் கழிக்கவே இல்ல. மூணாவது வண்டிக்கு வெலை கேட்டப்ப, "இப்ப வராதீங்க, லைன்ல வண்டி நிக்குது"ன்னுட்டாங்க. மரத்துல இன்னும் ஒன்றரை டன் தொங்கிட்டு இருந்தது.

அன்னைக்கு ராத்திரி நான் ரெண்டு முடிவு எடுத்தேன். ஒண்ணு, இனிமே பறிக்கப் போறதில்ல, விழறது விழட்டும். ரெண்டாவது, மரம் வெட்டறவருக்கு போன் போட்டேன். அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு ஏற்கெனவே வெட்டி வித்துட்டு வேற வெள்ளாமைக்குப் போயிட்டாங்க. அவரும் வந்து பாத்து வெலை சொல்றேன்னாரு.

எங்க வீட்டம்மா அடுப்படியில இருந்து எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் இருந்தாங்க. "மரத்தைப் பத்தி அப்பறம் பேசலாம். பழத்தைக் கீழ விட்டா பழ ஈ வரும். புழு மண்ணுக்குள்ள போயி கூண்டு கட்டிட்டு, திரும்ப ஈயாத்தான் வெளிய வரும். பொறுக்கித்தான் ஆகணும். பொறுக்கறதைச் சும்மா ஏன் பொதைக்கணும்? வத்தல் போடலாம், தொக்கு போடலாம்"னாங்க.

நான் சொன்ன பதில் நல்ல பதில் இல்ல. "ஊறுகா போட்டுக் கடனை அடைக்கப் போறியா?"ன்னு கேட்டுட்டேன். அம்மாவும் அங்கதான் உக்காந்திருந்தாங்க. யாரும் ஒண்ணும் பேசலை.

மறுநாள் விடியக்கால நான் எழுந்து பாத்தா, மாமியாரும் மருமகளும் தோப்புல கூடையோட நிக்கிறாங்க. அம்மாவுக்கு எழுவத்தெட்டு வயசு.

முத்தினாலும் இன்னும் பழுக்காத காயில நூறு கிலோவை வத்தலுக்கு எடுத்தாங்க. தோலோட நீளக் கீத்தா அரிஞ்சு, பத்து கிலோ காய்க்கு ஒரு கிலோ கல்லுப்பு, ரெண்டு புடி மஞ்சத்தூள். பானையில மூணு நாள் ஊறணும், தெனமும் குலுக்கி விடணும். அதுக்கப்பறம் தண்ணியை வடிச்சுட்டுக் கீத்தை வெயில்ல போட்டு, சாயங்காலம் திரும்ப அதே உப்புத்தண்ணியில போடணும். தண்ணி முழுக்க இழுத்துக்கற வரைக்கும் இதே வேலை. கடைசியில கையில அள்ளினா கலகலன்னு சத்தம் வரணும். அந்தச் சத்தம் வராத வத்தல் ஆவணிக்குள்ள பூஞ்சை புடிச்சிரும்.

ஆவக்காய்க்குப் பெங்களூரா சரிப்படாது, புளிப்புப் பத்தாது. அதுக்கு வரப்போரத்து நாட்டு மரம்தான். உள்ள கொட்டை ஓடு கட்டின காயா மொதல்லயே பறிச்சு, ஓட்டோட சேத்து வெட்டி, கடுகுத்தூள், மொளகாத்தூள், உப்பு, நல்லெண்ணெயில வைகாசியிலயே போட்டு வெச்சிருந்தாங்க.

பழுத்ததுக்கு வழி சொன்னது பக்கத்துக் கொல்லை அக்கா. அவங்க வீட்ல தெலுங்கு பேசுவாங்க. அவங்க செய்யறது தாண்ட்ரா. பழத்தைப் பிழிஞ்சு, நார் போக வடிகட்டி, பெங்களூராவுக்கு இனிப்புக் கம்மிங்கறதால வெல்லம் சேத்து, எண்ணெய் தடவின தட்டுல மெல்லிசா ஊத்திக் காய வெக்கணும். மறுநாள் அது மேலயே இன்னொரு பூச்சு. இப்படியே பத்து நாள் பூச்சு மேல பூச்சு போட்டா, வெரல் கனத்துக்குத் தோல் மாதிரி சேரும். ஈ மொய்க்காம மேல வேட்டித் துணி கட்டணும்.

ஆறாவது நாள் மத்தியானம் மேகம் கூடுச்சு. வீட்ல ரெண்டு பேரும் ரேஷன் கடைக்குப் போயிருந்தாங்க. நான் திண்ணையில படுத்துத் தூங்கிட்டேன். மழைச் சத்தம் கேட்டு எந்திரிச்சு ஓடறதுக்குள்ள எட்டுத் தட்டுல அஞ்சு தட்டு கரைஞ்சு போச்சு. அவங்க வந்து பாத்தாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். மீதி மூணு தட்டை உள்ள எடுத்து வெச்சிட்டு, கரைஞ்சதை வழிச்சு எருக்குழியில கொட்டிட்டு வந்தாங்க. மறுநாள் நானே உக்காந்து பழம் பிழிஞ்சேன். நாப்பது பழம் பிழியறதுக்குள்ள மணிக்கட்டு கழண்டு போற மாதிரி வலி. வத்தல்னா உப்புப் போட்டுக் காய வெக்கிறதுதானேன்னு அதுவரைக்கும் நெனச்சிட்டிருந்தவன் நான்.

மாட்டுக்குப் போட்டும் தீத்துடலாம்னு பாத்தேன். ஒரு பசு கொட்டையோட முழுங்கிட்டுத் தொண்டையில சிக்கி, வாயெல்லாம் எச்சில் ஒழுக, வயிறு உப்பி நின்னுடுச்சு. கால்நடை டாக்டர் வந்து, வெளியில இருந்தே கழுத்தைத் தடவித் தடவி கொட்டையை வாய்ப்பக்கமாத் தள்ளி எடுத்தாரு. "சதையா அரிஞ்சு கொஞ்சமாப் போடுங்க. நெறையப் போட்டா வயித்துல புளிச்சு, மாட்டுக்கே ஆபத்து"ன்னாரு. இனாமாக் கெடக்குதேன்னு மாட்டுக்குப் போட நெனச்ச பழத்துக்கு, டாக்டர் வண்டிச் செலவு தனியா ஆச்சு.

இப்படித் தின்னு, குடுத்து, காயவெச்சு, கிண்டி, எல்லாம் சேத்தாலும் அந்த ஒன்றரை டன்ல நானூறு கிலோ தாண்டலை. மீதியைப் பொறுக்கி, ரெண்டடிக்கு மேல ஆழமாக் குழி எடுத்துக் கொட்டி மண்ணைத் தள்ளி மூடினேன். பழம் பொதைக்கிற குழியில இருந்து வர்ற வாசனை எப்படி இருக்கும் தெரியுங்களா? கல்யாண வீட்டு வாசனை மாதிரி இருக்கும்.

ஆடி பொறந்ததும் பெங்களூருல கம்ப்யூட்டர் வேலை பாக்கற எங்க தங்கச்சி பையன் வந்தான். வத்தலை வாயில போட்டுட்டு, "மாமா, இதை ஏன் விக்க மாட்டேங்கறீங்க? எல்லாரும் மதிப்புக்கூட்டல்னு சொல்றாங்கல்ல, அது இதுதான். கிலோ முந்நூறுக்கு எங்க அபார்ட்மென்ட்லயே போகும்"னான். சரி, கணக்குப் போடலாம்னு நோட்டை எடுத்தேன்.

நூறு கிலோ காய்க்குப் பதினஞ்சு கிலோ வத்தல். முந்நூறு வீதம் நாலாயிரத்து ஐநூறு. உப்பு, மஞ்சள் முந்நூறு. கவர், பஸ் பார்சல் ஐநூத்தம்பது. "அவ்ளோதானே மாமா, மீதி மூவாயிரத்து அறநூத்தம்பதும் லாபம்"னான்.

"கூலி?"ன்னு கேட்டேன்.

"யாரோட கூலி? அத்தையும் பாட்டியும்தானே செஞ்சாங்க."

அங்கதான் எனக்கு ஒண்ணு பட்டுச்சு. அரியறது, குலுக்கறது, காலையில காய வெக்கிறது, காக்கா வெரட்டறது, சாயங்காலம் அள்ளறதுன்னு பாத்தா ஆளுக்குத் தெனம் அரை நாள் வேலை. ரெண்டு பேரு, ஒம்பது நாளு. முழுக்கூலி ஒம்பது. எங்க ஊர்ல பொம்பளையாள் கூலி முந்நூத்தம்பது. மூவாயிரத்து நூத்தம்பது ஆகுது. அதைக் கழிச்சா மிச்சம் ஐநூறு. நூறு கிலோ காய்க்கு ஐநூறுன்னா கிலோவுக்கு அஞ்சு ரூபா. ஆலைக்காரன் குடுத்தது நாலு.

"பாத்தியா தம்பி, ஒரு ரூபாதான் மதிப்புக் கூடியிருக்கு. அதுக்கு மேல தெரியறதெல்லாம் உங்க அத்தை, பாட்டியோட கூலியை எழுதாம விட்டதால வந்தது"ன்னேன். அவன் ஒண்ணும் சொல்லலை. நானும் அவனுக்காக மட்டும் சொல்லலை. முப்பது வருஷமா நான் எழுதற வரவு செலவு நோட்டுல, களையெடுக்க வந்தவங்க கூலி இருக்கு, டெம்போ டிரைவருக்கு வாங்கிக் குடுத்த டீ கூட இருக்கு. அவங்க ரெண்டு பேரு பேர்ல ஒரு வரி கூடக் கெடையாது.

விக்கறது தப்புன்னு சொல்ல வரலைங்க. நல்லா வித்து மேல வந்தவங்களும் இருக்காங்க. ஆனா வெயிலும் ஆளும் பாட்டிலும் வாங்கறவங்களும் தயாரா இருக்கறவங்களுக்குத்தான் அது வழி. வெலை விழுந்த அன்னைக்கு ராத்திரி யோசிச்சு மறுநாள் காலையில ஆரம்பிக்கிற காரியம் இல்ல.

உள்ள இருந்து வீட்டம்மா குரல் வந்துச்சு. "என் கூலி எவ்ளோன்னீங்க?"

"அம்மாவோடதும் சேத்து மூவாயிரத்து நூத்தம்பது."

"அப்ப எடுங்க."

வெளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன். இல்ல. கையை நீட்டிட்டு நின்னாங்க. தங்கச்சி பையன் பத்து கிலோவை முந்நூறு வீதம் எடுத்துக்கிட்டுக் குடுத்த மூவாயிரத்தோட, சட்டைப் பையில இருந்து நூத்தம்பது போட்டுக் குடுத்தேன். அம்மா தன் பங்கை வாங்கி எண்ணிப் பாத்துச் சுருக்குப் பையில போட்டுக்கிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி, அந்த ஊறுகா பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். "தெரியும் போங்க"ன்னாங்க. நோட்டுல ரெண்டு பேரையும் எழுதி வெச்சேன்.

அடுத்த வாரம் சந்தைக்குப் போயிட்டு வந்தவங்க ஆட்டோவுல இருந்து ரெண்டு பெரிய ஊறுகா ஜாடியை எறக்கினாங்க. பழுப்பும் வெள்ளையுமா, ஒண்ணொண்ணும் பத்து கிலோ புடிக்கும். இருக்கற ஆவக்காய்க்குப் பழைய ஜாடியே போதும். இதுங்க ரெண்டும் காலி. கழுவிக் காயவெச்சு, வாயில துணி கட்டி, நடையில ஓரமா வெச்சிருக்காங்க.

இப்ப தை மாசம். தோப்புல பூ எடுத்திருக்கு. நேத்து மரம் வெட்டறவரு போன் பண்ணி, "பாக்க வரட்டுங்களா?"ன்னாரு. நான் நடையிலதான் நின்னுட்டிருந்தேன்.

"ஆனி கழியட்டும், சொல்றேன்"ன்னுட்டேன்.